தடை போட்டது போதும்; கோமுகிக் கரையில் ஆளைப் போடுங்கள்!

அக்கினி நட்சத்திரம் பிறந்து விட்டால் கள்ளக்குறிச்சி கடைவீதியில் நிற்க முடியாது. செருப்பைத் தாண்டிச் சூடு ஏறும். பேன் காற்று அடுப்பங்கரைக் காற்றாக அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கட்டியதும் வாலிபர்கள் என்ன செய்வார்கள்? தோளில் ஒரு துண்டு. ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். நேராகக் கச்சிராயபாளையம் ரோடு!

கரும்பு லாரிகளுக்கு நடுவே புகுந்து, கூட்டுறவு சர்க்கரை ஆலையைத் தாண்டினால் வடக்கனந்தல் பக்கத்துக் காற்றே வேறு. எதிரே கல்வராயன் மலை சுவர் மாதிரி நிற்கிறது. அடிவாரத்தில் கோமுகி அணை. 46 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கக் கூடிய அணை அது. பொட்டியம், கல்படை என்று மலையில் இருந்து இறங்கி வரும் ஓடைகள்தான் அதற்குத் தாய்ப்பால். பத்தாயிரம் ஏக்கர் நஞ்சைக்குச் சோறு போடுகிற அணை, வெயில் காலத்தில் சுற்று வட்டார ஜனங்களுக்கெல்லாம் குளியல் தொட்டி!

இன்னும் மேலே ஏறினால் வெள்ளிமலை போகிற வழியில் பெரியார் அருவி. காட்டுக்குள் நடந்து போகக் கால் வலு இருந்தால் மேகம் அருவி. குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கரியாலூரில் படகுத் துறை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகக் காசு இல்லாத குமாஸ்தாவும், மளிகைக் கடைக்காரரும், ஆலைத் தொழிலாளியும் பஸ் கட்டணத்தோடு குளிர்ந்து விட்டு வர இதை விட்டால் வேறு இடம் இல்லை. "ஏழைகளின் ஊட்டி" என்று இந்த மலையைச் சும்மா சொல்லவில்லை.

இந்த மலைக்கு டவுன் ஜனங்கள் சுலபமாகப் போக முடிந்ததே ரொம்ப காலமாக அல்ல. 1976-ம் ஆண்டு வரை கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் ஆட்சிதான். அதன் பிறகுதான் அரசாங்கம் மலை ஏறியது. ரோடு வந்தது, பஸ் வந்தது. கோடை விழா கூட நடத்திப் பார்த்தார்கள். ஆனாலும் வெளியூரில் "கல்வராயன் மலை" என்றதும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். சாராய ஊறல் ஞாபகம்! 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்ட போது அந்தக் கெட்ட பெயர் இன்னும் அழுத்தமாக ஒட்டிக் கொண்டது. அந்தச் சாவுக்குக் காரணம் மெத்தனால். மலைத் தண்ணீர் அல்ல. அருவியும் படகும் பேசப்பட்டால் அந்தப் பெயர் தானாகக் கழுவிக் கொண்டு போகும்.

அதற்குத்தான் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. "குளிக்கப் போன வாலிபர் பிணமாக மீட்பு" என்ற செய்தி!

கோடை லீவு வந்தால் தமிழ்நாட்டில் எந்தப் பத்திரிகை அலுவலகத்திலும் இந்தச் செய்தி இல்லாத வாரம் கிடையாது. ஊர் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான். நண்பர்களுடன் சென்றார். ஆழமான பகுதிக்குப் போனார். நீச்சல் தெரியாது. தீயணைப்புப் படையினர் வந்தார்கள். உடல் பிரேத பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறார்கள். எதை விசாரிக்கிறார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்தியாவில் 2022-ம் ஆண்டில் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு சொல்கிறது. அதாவது, ஒரு நாளைக்கு நூறு பேருக்கு மேல்! ரெயில் கவிழ்ந்து நூறு பேர் செத்தால் மந்திரி ராஜினாமா கேட்பார்கள். தண்ணீரில் ஒன்று இரண்டாகச் சாகிறதால் யாரும் எதையும் கேட்பதில்லை. உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் இப்படிப் போகிறார்கள். 2021-ல் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ந் தேதியை இதற்கென்றே ஒரு தினமாக அறிவித்தது. தினம் வருகிறது, போகிறது.

ஏழு பேர்... நான்கு பேர்...

வெகு தூரம் போக வேண்டாம். பக்கத்து மாவட்டமான கடலூரில், நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் 2022 ஜூன் 5-ந் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தடுப்பணைப் பக்கம் குளிக்கப் போனார்கள். ஆழமான பள்ளம். ஒருத்தி தத்தளிக்க, கையைப் பிடிக்கப் போனவளும் உள்ளே. அவளைப் பிடிக்கப் போனவளும் உள்ளே. மொத்தம் 7 பேர். அத்தனை பேரும் பெண் பிள்ளைகள்!

அடுத்த வருஷம், 2023 பிப்ரவரி 15-ந் தேதி. புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவிகள் கால்பந்து ஆட வந்தார்கள். திரும்புகிற வழியில் கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியைப் பார்த்ததும் ஆசை. இறங்கினார்கள். 4 மாணவிகள் கரை ஏறவில்லை. பந்தை உதைத்து ஓடுகிற பிள்ளைகளுக்குக் கால் பலம் இல்லையா, மூச்சுப் பலம் இல்லையா? எல்லாம் இருந்தது. நீச்சல் ஒன்றை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

பையன் என்றால் "போடா, கிணத்துல விழுந்து கத்துக்கோ" என்று ஒரு காலத்தில் தள்ளி விட்டார்கள். பெண் என்றால் தண்ணீர்க் குடத்தோடு கரையில் நிற்க வேண்டியதுதான். ஆசை மட்டும் இரண்டு பேருக்கும் சமம்.

பையன்களுக்கும் இப்போது அந்தக் கிணறு இல்லை என்பதுதான் பெரிய விஷயம். வடக்கனந்தல் சுற்று வட்டாரத்தில் ஐம்பது வயது தாண்டிய எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். இடுப்பில் சுரைக்குடுக்கை, இல்லாவிட்டால் வாழை மரத் துண்டு. கயிற்றின் மறு முனை மாமாவின் கையில். மூணே நாளில் மீன் குஞ்சு மாதிரி நீந்துவார்கள். பிறகு லாரி டியூப் வந்தது. அதன் பிறகு போர்வெல் வந்தது! கிணறுகள் வற்றின. பாதிக் கிணறு தூர்ந்தது, மீதிக் கிணறு குப்பைத் தொட்டி ஆனது. ஒரு தலைமுறைக்கு நீச்சல் சொல்லித் தந்த வாத்தியார் போய் விட்டார். அந்த இடத்துக்கு வேறு வாத்தியார் வரவில்லை.

நீச்சல் தெரியாத பிள்ளை, பழக்கம் இல்லாத தண்ணீர். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை மதியம் கோமுகியில் சந்திக்கின்றன.

ஏரி வேறு, அணை வேறு

அணைத் தண்ணீர் பார்க்கச் சாதுவாக இருக்கும். அலை இல்லை, இழுப்பு இல்லை. "டேய், இடுப்பளவுதான்டா, இறங்குடா" என்று ஒருத்தன் சொல்வான். அவன் சொன்னது சரிதான், அவன் நிற்கிற இடத்தில்! இரண்டு அடி தள்ளி அடிமட்டம் சரிந்து கிடக்கும். மழைக் காலத்தில் மலையில் இருந்து வந்த வண்டல் சேறாகப் படிந்திருக்கும். கால் முழங்கால் வரை புதையும். காலை உருவ உருவ மறு கால் இறங்கும். தண்ணீர் குறைந்திருக்கிற கோடையில்தான் இந்தச் சேறு கரை ஓரத்துக்கு வருகிறது. நிறைந்த அணைக்குப் பயப்படுகிறவன் வற்றிய அணைக்குப் பயப்படுவது இல்லை. மதகுப் பக்கம் போனாலோ கேட்கவே வேண்டாம். மேலே அசையாத தண்ணீர், அடியில் ஆளை உறிஞ்சும்.

அருவியின் ஆபத்து வேறு ரகம். பாசி பிடித்த பாறை ஒன்று. மேலே இருந்து "டைவ்" அடிக்கிற வீரம் இன்னொன்று. அடியில் பாறை எங்கே என்று தெரியாமல் தலைகீழாகக் குதித்தால் கழுத்து எலும்பு போகும். மூன்றாவதுதான் மோசம். இங்கே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான். குளித்துக் கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம். ஜனங்கள் அலறி அடித்து ஓடினார்கள். 17 வயதுப் பையனை வெள்ளம் கொண்டு போய் விட்டது. குற்றாலம் மாதிரி போலீஸ் நிற்கிற இடத்திலேயே இந்தக் கதி என்றால், செல்போன் கோபுரம் கூடக் கண்ணில் படாத மலை அருவியில் என்ன கதி?

மலைக்காரர்களுக்கு இது தெரியும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலே இருந்து "கடகட" என்று சத்தம் கேட்டால், துணியை எடுக்கக் கூட நிற்க மாட்டார்கள். மேட்டுக்கு ஏறி விடுவார்கள். டவுனில் இருந்து போகிறவர்கள் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள்!

யார் பொறுப்பு?

அருவி வனத் துறைக்குச் சொந்தம். அணை நீர்வளத் துறைக்குச் சொந்தம். ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு. தெருவிளக்கும் குப்பையும் பேரூராட்சிக்கு. மூழ்கினவனைத் தேடுவது தீயணைப்புத் துறை. கிடைத்த பிணம் போலீசுக்கு. நீந்துகிற வரைக்கும் மனுஷன் யாருக்கும் சொந்தம் இல்லை!

எல்லாத் துறைக்கும் பொதுவாகத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். பலகை. "இங்கு குளிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. மீறினால் சட்டப்படி நடவடிக்கை." தமிழ்நாட்டில் இந்தப் பலகை இல்லாத அணை உண்டா? பலகையில் சட்டையைத் தொங்க விட்டு விட்டுக் குளிக்காத வாலிபர் உண்டா? 105 டிகிரி வெயிலில் தண்ணீரைக் காட்டி "தொடாதே" என்றால் எவன் கேட்பான்? தடை போட்டவர் வீட்டில் ஏ.சி. இருக்கும்.

சாவு விழுந்ததும் ஒரு மாதம் கெடுபிடி நடக்கும். இரண்டு போலீஸ்காரர் நிற்பார்கள். பிறகு பந்தோபஸ்து வேலை வந்து அவர்களும் போய் விடுவார்கள். கூட்டம் என்ன செய்யும்? காவல் இருக்கிற இடத்தை விட்டு, காவல் இல்லாத, ஆழம் தெரியாத, கூப்பிட்டால் கேட்காத இடம் பார்த்து இறங்கும். தடை சாவைத் தடுக்கவில்லை, இடம் மாற்றுகிறது.

முறையாகச் செய்தால் நடக்கும் என்பதற்கு அத்தாட்சி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. குற்றாலம் பேரருவியில் ஒரு வளைவு உண்டு. தண்ணீர் வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை, அடங்கினால் அனுமதி. படிக்காதவருக்கும் புரிகிற அளவுகோல். ஒகேனக்கலில் காவிரியில் எத்தனை கன அடி வருகிறது என்று பார்த்துத்தான் பரிசலை விடுகிறார்கள், நிறுத்துகிறார்கள். கோவாவில் 2008-ம் ஆண்டில் இருந்து கடற்கரைகளில் பயிற்சி பெற்ற உயிர்காப்பு ஆட்கள் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். வெள்ளைக்காரர் வருகிற கடலுக்கு மட்டும்தான் உயிர்காப்பு என்று சட்டம் ஒன்றும் இல்லையே!

கோமுகிக்குத் தேவை பெரிய திட்டம் அல்ல. அணையில் சேறும் சரிவும் இல்லாத இடமாகப் பார்த்து நீர்வளத் துறையே ஒரு துண்டை ஒதுக்கட்டும். அங்கே படித்துறை கட்டி, நெஞ்சளவு ஆழத்தில் கயிறு கட்டி மிதவை போடட்டும். கயிற்றுக்கு அப்புறமும் மதகுப் பக்கமும் கண்டிப்பான தடை. அப்போது தடைக்கு ஒரு அர்த்தம் இருக்கும். ஒரு இடத்தில் "வா" என்று சொல்லி விட்டு மற்ற இடத்தில் "போகாதே" என்றால் ஜனங்கள் கேட்பார்கள்.

அப்புறம் ஆள். மலையிலும் அடிவாரத்திலும் நீச்சல் தெரிந்த வாலிபர்கள் வேலை தேடித் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் சிலரைப் பொறுக்கி, தீயணைப்புத் துறையிடம் பயிற்சி கொடுத்து, ஒரு விசில், ஒரு நீளக் கயிறு, நான்கு டியூப் கொடுத்து நிறுத்தினால் போதும். கோடையிலும் தீபாவளி, பொங்கல் லீவிலும் காலையில் இருந்து பொழுது சாய்கிற வரை. சம்பளத்துக்கு எங்கே போவது? வண்டி நிறுத்தக் கட்டணத்தில் இருந்து கொடுக்கலாம். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு முதலமைச்சர் நிவாரண நிதியில் இருந்து லட்சக்கணக்கில் போகிறது. அதில் ஒரு பங்கு முன்கூட்டியே கரைக்கு வந்தால் குடியா முழுகிப் போகும்?

கரையிலேயே ஆள் வேண்டும் என்று சொல்ல காரணம் உண்டு. மூச்சு நின்ற நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கி விடும். கள்ளக்குறிச்சியில் இருந்தோ சின்னசேலத்தில் இருந்தோ தீயணைப்பு வண்டி மணி அடித்துக் கொண்டு எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நான்கைந்து நிமிடத்துக்குள் வர முடியுமா? பாவம், அவர்கள் வருவது பிணத்தைத் தேடத்தான்.

இன்னொன்றும் தெரிந்து கொள்ள வேண்டும். மூழ்குகிறவன் சினிமாவில் வருகிற மாதிரி "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்த மாட்டான். வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வரும் போது மூச்சு இழுக்கவே நேரம் இல்லை, கத்துவது எங்கே? கையால் தண்ணீரை அமுக்குவான், தலை பின்னால் சாயும், ஒரு நிமிடத்துக்குள் அமைதியாக இறங்கி விடுவான். பத்தடி தூரத்தில் கூட்டாளிகள் விளையாடுகிறான் என்று சிரித்துக் கொண்டிருப்பார்கள்.

பார்த்து விட்டால் உடனே குதிப்பதும் ஆபத்து. மூழ்குகிறவன் கையில் கிடைத்ததை உடும்புப் பிடியாகப் பிடிப்பான். காப்பாற்றப் போன அண்ணனும் அப்பாவும் செத்த கதை அதனால்தான். வேட்டி, புடவை, மூங்கில் கழி, கயிறு, எதையாவது நீட்டலாம். ஒன்றும் இல்லாவிட்டால் மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிப் போடலாம். தண்ணீருக்குள் மனுஷ உடம்பின் கனம் கொஞ்சம்தான். தலையை மேலே நிறுத்தி வைக்க அந்த ஒரு கேன் தாராளம். பிளாஸ்டிக் குடம் கூடக் கவிழ்த்துப் பிடித்தால் மிதக்கும்.

கரைக்கு இழுத்துப் போட்டதும் ஊரில் என்ன செய்கிறார்கள்? தலைகீழாகத் தூக்கிச் சுற்றுகிறார்கள். வயிற்றில் ஏறி அமுக்கித் தண்ணீர் எடுக்கிறார்கள். கூடவே கூடாது! வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக் குழாயை அடைக்கும், போகாத உயிரும் போய் விடும். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லை என்றால் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் கையை வைத்து வேகமாக 30 அமுக்கு, மறுபடி 2 ஊதல். 108 வண்டி வருகிற வரை நிறுத்தாமல். இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். வடக்கனந்தலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சனிக்கிழமை காலை போதும்.

கரியாலூர் படகுத் துறைக்கும் ஒரு வார்த்தை. 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். சிறிய ஏரிதானே, கரை பக்கம்தானே என்று மிதவைச் சட்டையை மடியில் வைத்துக் கொண்டு உட்காருகிறவர்கள் எந்தப் படகுத் துறையிலும் உண்டு. "புழுக்கமா இருக்குங்க" என்பார்கள். போடாவிட்டால் படகு நகராது என்று துடுப்புக்காரர் துடுப்பைக் கீழே வைத்து விட்டால் தானாகப் போடுவார்கள்.

பாட்டில் கொண்டு போகிற கூட்டாளிகளை என்ன செய்வது என்பதற்கு மட்டும் விசில் போதாது. குடித்து விட்டுத் தண்ணீரில் இறங்குகிறவனுக்குக் குளிரும் தெரியாது, ஆழமும் தெரியாது. கச்சிராயபாளையம் போலீசார் ஞாயிற்றுக்கிழமை மதியம் அணை ரோட்டில் ஹெல்மெட் பார்க்கிற போது சீட்டுக்கு அடியிலும் கொஞ்சம் பார்த்தால் நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கோடை லீவில் நீச்சல் வகுப்பு. படித்துறை வந்து விட்டால் அதே இடத்தில், அதே விசில்காரர்களை வைத்து, காலை 6 மணி முதல் 8 மணி வரை நடத்தலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், சொல்லிக் கொடுக்கப் பெண்கள். ஆறு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு நீச்சலும் தப்பிக்கிற முறையும் கற்றுக் கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே சிபாரிசு செய்கிறது. கெடிலத்திலும் மாயனூரிலும் போன பதினொரு பெண்களில் ஒருத்திக்காவது நீச்சலும், துப்பட்டாவை வீசி இழுக்கிற வித்தையும் தெரிந்திருந்தால்?

அக்கினி நட்சத்திரம் வழக்கமாக மே 4-ந் தேதி வாக்கில் தொடங்கும். படித்துறை கட்ட இடம் பார்ப்பதற்கு அணையில் தண்ணீர் இறங்க வேண்டும். அது கோடைக்கு முன்பே இறங்கி விடும். பேரூராட்சி ஒரு தீர்மானம் போட்டு, நீர்வளத் துறைக்கும் வனத் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் நகல் அனுப்பி, கலெக்டர் ஒரு நாள் நான்கு துறைக்காரர்களையும் அணைக்கரையிலேயே நிறுத்தி வைத்துப் பேச வைத்தால் வேலை தொடங்கி விடும். கூட்டத்தைக் கலெக்டர் ஆபீஸ் ஏ.சி. அறையில் வைக்க வேண்டாம். மதியம் 2 மணிக்கு, கோமுகிக் கரையில், வெயிலில் வைக்கட்டும்!